சிச்சிஜிமா போவது எப்படி? (கப்பல் அட்டவணையிலிருந்து பீரங்கிக் குகை வரை)

விசா, டோக்கியோவுக்கு விமான டிக்கெட் பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அதற்குத் தெற்கே உள்ள 1,000 கிலோமீட்டரை மட்டும் இங்கே பார்ப்போம். சிச்சிஜிமா ஒகசவாரா தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. நிர்வாகக் கணக்கில் அதுவும் டோக்கியோதான். தீவில் ஓடும் கார்களுக்கு டோக்கியோ நகரப் பகுதியான ஷினகாவாவின் நம்பர் பிளேட்! ஆனால் பயணிகள் விமானம் கிடையாது.

படி 1: கப்பல் அட்டவணை

எனக்கு மண்டை காய்ந்தது இந்தப் படியில்தான், நிதானமாகப் படியுங்கள். 'ஒகசவாரா மாரு' கப்பல் டோக்கியோவின் தக்கேஷிபா துறையிலிருந்து காலை 11 மணிக்குக் கிளம்பி, மறுநாள் 11 மணிக்குத் தீவைத் தொடும். வழக்கமான அட்டவணையில் அங்கேயே மூன்று இரவு நின்றுவிட்டுத்தான் திரும்பும். ஆக, போய்வர ஆறு நாள். "ரெண்டே நாளில் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கோடையில் அட்டவணை மாறும் என்பதால் அந்த மாதத்துக்கு உரியதையே பாருங்கள்.

அடுத்து தங்குமிடம். கப்பல் டிக்கெட்டுக்கு முன்னால் அறையை உறுதி செய்யுங்கள். தீவில் கூடாரம் போடத் தடை, கடற்கரையில் படுத்துக்கொள்ளலாம் என்ற கனவும் வேண்டாம். விடுதிகள் பெரும்பாலும் சின்னவை. ஜப்பானிய மொழியில் போன் பேச முடியாதவர்கள் கப்பல் கம்பெனியின் 'ஓகாமாரு பேக்'கை எடுத்துவிடுங்கள். கப்பலும் அறையும் சேர்ந்தே வரும். கொஞ்சம் மிச்சம் பிடிக்கத் தனித்தனியாகப் போட்டு அலைவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

சர்வதேச விமான டிக்கெட்டைக் கடைசியில் போடுங்கள். புயல் வந்தால் கப்பல் தள்ளிப்போகும், திரும்பும் பக்கம் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

படி 2: கப்பலில்

மலிவான வகுப்பில் தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். எனக்குப் பரவாயில்லை, தூக்கம் முக்கியம் என்றால் படுக்கை வகுப்பு. வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போடுங்கள். நடுக்கடலில் செல்போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

படி 3: போர்ச் சின்னங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல் ஒகசவாரா, இவோ தீவுகளின் மக்கள் 6,886 பேரை ஜப்பானிய அரசு கட்டாயமாக வெளியேற்றியது. தீவே கோட்டையானது. அமெரிக்கர்கள் குண்டு வீசினார்கள், ஆனால் தரையிறங்கவில்லை. அவர்கள் இறங்கியது தெற்கே உள்ள இவோ ஜிமாவில். அதனால்தான் சிச்சிஜிமாவின் குகைகளில் பீரங்கிகள் இன்னும் நிற்கின்றன. இங்கிருந்த வானொலி நிலையத்தைத் தாக்க வந்து, 1944 செப்டம்பர் 2 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளில் ஒருவர், பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். அவரை நீர்மூழ்கிக் கப்பல் காப்பாற்றியது. தீவில் பிடிபட்ட வேறு சில அமெரிக்க விமானிகள் கொல்லப்பட்டார்கள். அதற்காக ஜப்பானியத் தளபதி தாச்சிபானா 1947இல் குவாமில் தூக்கிலிடப்பட்டார். ஊர்மக்களில் பெரும்பாலோர் திரும்பி வர, அமெரிக்கா தீவுகளை ஜப்பானிடம் திருப்பித் தந்த 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யோஆகே மலைப் பக்கம் இருக்கும் குகைகளுக்கு நீங்களாகப் போகாதீர்கள். காட்டின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கே பதிவுபெற்ற வழிகாட்டியோடுதான் நுழைய முடியும். 'செந்செகி டூர்' என்று கேளுங்கள், போர்ச் சின்னங்களைக் காட்டும் சுற்றுலா அது. நெற்றியில் கட்டும் விளக்கு அவசியம். போன் டார்ச் சரிப்படாது, ஏறி இறங்க இரண்டு கையும் வேண்டும். துருப்பிடித்த தோட்டாவோ பாட்டிலோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள்.

காடு வேண்டாம் என்பவர்களுக்கு சகாய்உரா கடற்கரை. 1944இல் டார்பிடோ தாக்கிக் கரை ஒதுங்கிய 'ஹின்கோ மாரு' சரக்குக் கப்பல் அங்கேதான் மூழ்கிக் கிடக்கிறது. ஸ்நார்க்கல் போட்டு நீந்தியே பார்க்கலாம். இரும்பு கிழிக்கும், கிட்டே போகாதீர்கள்.

பின்சேர்க்கை: பக்கத்துத் தீவான ஹஹாஜிமாவுக்கும் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். கப்பலில் இரண்டு மணி நேரம்தான், போகலாம். ஆனால் செருப்பு, ஷூ அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள். சிச்சிஜிமாவின் நில நத்தைகளைத் தின்று தீர்த்த தட்டைப்புழு மண்ணோடு ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது.

இன்னொன்று: இவோ ஜிமாவில் இறங்க முடியுமா? சாதாரணப் பயணிகளால் முடியாது, அது தற்காப்புப் படைத் தளம். எல்லா ஆண்டும் இல்லாவிட்டாலும், அவ்வப்போது ஒகசவாரா மாரு இவோ தீவுகளைச் சுற்றிக் காட்டும் பயணம் நடத்தும். அதிலும் கப்பலில் இருந்தபடியே பார்க்க வேண்டியதுதான்.