எழுமாற்று முழுவெண்கள்: கடைசிக் காம்பராவை விட்டுவிடாதீர்கள்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் உயர்தர மாணவர்கள் சிலர் குடிநீர் பற்றி ஆய்வு செய்தார்கள். லயங்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், மொத்தம் 180 வீடுகள் (காம்பராக்கள்). அவற்றில் 20 வீடுகளை எழுமாறாகத் தெரிவு செய்ய வேண்டும். வீடுகளுக்கு இலக்கமிட்டு, மேட்லாப் மென்பொருளில் எண்களை எடுத்து வந்து என்னிடம் காட்டினார்கள். பட்டியலைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பிழை சூத்திரத்தில் இருந்தது.

'ராண்ட்' கட்டளை 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தசம எண்ணைத் தரும். அதை 179ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டி, 'ரவுண்ட்' போட்டு அருகிலுள்ள முழுவெண்ணுக்கு மட்டந்தட்டியிருந்தார்கள். இதில் 2 கிடைக்க 1.5 முதல் 2.5 வரை இடமுண்டு. 1 கிடைக்கவோ 1 முதல் 1.5 வரைதான். 180க்கும் அதே கதி. முதல் வீட்டுக்கும் கடைசிக் காம்பராவுக்கும் மற்ற வீடுகளுக்கு உள்ளதில் பாதி வாய்ப்புத்தான். குழாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வீட்டின் குரலை நாமே அமுக்கிவிடலாமா? பகடையை இப்படிச் செய்தால் 1க்கும் 6க்கும் நிகழ்தகவு பத்தில் ஒன்று, மற்றவற்றுக்கு ஐந்தில் ஒன்று. 180ஆல் பெருக்கி, 'ஃப்ளோர்' மூலம் தசமத்தை வெட்டி, பிறகு 1ஐக் கூட்டினால் சரி. இந்த வேலைக்கென்றே இருக்கும் 'ராண்டி' கட்டளை இன்னும் நல்லது.

ஆனால் 'ராண்டி' ஒரே வீட்டை இரண்டு தடவை தரலாம். 180இல் 20 எடுக்கையில் ஏதாவதொன்று திரும்ப வரும் நிகழ்தகவு ஏறக்குறைய 67 சதவீதம். எடுத்த சீட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்குவது போலத்தான் அது. அப்படி வந்தால் சிலர் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது எழுமாற்றுத் தெரிவே அல்ல. 'ராண்ட்பெர்ம்' கட்டளையில் 180, 20 என்று கொடுத்தால் திரும்ப வராத 20 எண்கள் கிடைக்கும்.

அப்புறம் வித்தெண், அதாவது எழுமாற்று எண் வரிசை தொடங்கும் எண். மேட்லாப் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரே வித்தெண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இரண்டு கணினிகளில் இருவர் தனித்தனியாக எடுத்த பட்டியல்கள் அச்சு அசலாக ஒன்றாகவே வரும். தொடக்கத்தில் ஒரேயொரு தடவை வித்தெண்ணை மாற்றி, அதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பிறகு யாரும் சரிபார்க்கலாம்.

மேட்லாப்புக்குப் பதிலாகப் பைத்தன் நிரல்மொழி என்றால், அதன் 'ராண்ட்இன்ட்' கட்டளை 1, 180 என்று கொடுத்தால் 180ஐயும் சேர்த்துக்கொள்ளும். பைத்தனின் கணித நூலகமான நம்பையில் அதே பெயருள்ள கட்டளை 179உடன் நின்றுவிடும். அங்கே 181 என்று கொடுங்கள். எக்செலில் 'ராண்ட்பிட்வீன்' ஒவ்வொரு கணிப்பின்போதும் எண்ணை மாற்றிவிடும். வந்ததும் பிரதியெடுத்து, பெறுமானங்களாக மட்டும் ஒட்டிவிட்டு வீடுகளுக்குக் கிளம்புங்கள்.