பில்லில் சின்தடிக், இன்ஜினில் என்ன? ஆயில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி, புதிதாக வாங்கிய பழைய காருக்கு முதல் சர்வீஸ் முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். "ஃபுல் சின்தடிக் போட்டாச்சு அண்ணா. இனி 15,000 கி.மீ. வரைக்கும் கவலையே இல்ல." முகத்தில் அவ்வளவு நிம்மதி. என்ன கிரேடு என்று கேட்டேன். தெரியவில்லை. கேனைக் கண்ணால் பார்த்தாயா? இல்லை. பழைய ஃபில்டர் எங்கே? "அது எதுக்கு அண்ணா?"

பில்லை வாங்கிப் பார்த்தேன். சின்தடிக் ஆயில் 4.5 லிட்டர் என்று இருந்தது. மேனுவலைப் புரட்டினால், ஃபில்டரோடு சேர்த்தே 3.6 லிட்டர்தான் பிடிக்கும் என்கிறது.

ஒரு காலத்தில் நானும் அவனைப் போலத்தான் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன். இப்போது என் காருக்கும் நண்பர்கள் சிலரின் கார்களுக்கும் ஆயிலை நானே மாற்றுகிறேன். புதிதாக கார் வாங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆயில் மாற்றவே மறப்பது, மூடியைப் போடாமல் வண்டியைக் கிளப்புவது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

'சின்தடிக்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்குவது

ஆயிலின் அடிப்படை எண்ணெயை ஐந்து பிரிவாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கிடைக்கும் மினரல் வகை. நான்காவது, பிஏஓ எனப்படும், வேதிமுறையில் கட்டியெழுப்பிய, அதாவது சின்தடிக் எண்ணெய். எஸ்டர் போன்றவை ஐந்தாவது பிரிவில் வரும். குழப்பமெல்லாம் மூன்றாவதில்தான். அதுவும் கச்சா எண்ணெயிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து மூலக்கூறுகளை உடைத்து மாற்றியமைத்திருப்பார்கள். இதைச் சின்தடிக் என்று சொல்லலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் நிறுவனங்களுக்கு இடையே ஒரு விளம்பரத் தகராறு நடந்து, சொல்லலாம் என்று 1999-ல் முடிவானது. இன்று பல நாடுகளில் சின்தடிக் என்று விற்கும் ஆயிலில் பெரும்பகுதி இந்த மூன்றாம் பிரிவுதான். அது நல்ல ஆயில்தான், குறை சொல்லவில்லை. கேனின் முகப்பில் உள்ள அந்த ஒரு சொல் உங்கள் இன்ஜினுக்கு எது பொருந்தும் என்று சொல்லாது, அவ்வளவுதான்.

அதைச் சொல்வது கேனின் பின்பக்கம். அங்கே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, 5டபிள்யூ-30 போன்ற கிரேடு. 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ளது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இன்னொன்று தர வகை: ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 என்று போட்டிருப்பார்கள் (ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு, ஏசிஇஏ ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்). எஸ்பி வகை 2020-ல் வந்தது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் பிளக் பொறி விடும் முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு. அது பிஸ்டனையே உடைக்கும். அதைத் தடுக்கும்படி எஸ்பி ஆயிலைக் கலந்திருப்பார்கள். ஏசிஇஏ சி வகை சாம்பல் குறைந்தது. டீசல் காரின் புகைக் குழாயில் உள்ள துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும்.

மேனுவல் கேட்கும் தர வகையில் உள்ள மினரல் ஆயில், அந்த வகையில் இல்லாத சின்தடிக்கை விட உங்கள் இன்ஜினுக்கு நல்லது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கடுங்குளிரில் கிளப்ப வேண்டும், டர்போ இருக்கிறது, நீண்ட இடைவெளிக்கு ஆயிலை ஓட்ட வேண்டும் என்றால் சின்தடிக் தன் விலைக்கு வேலை செய்யும். சாதாரணமான பழைய இன்ஜின், மேனுவலும் மினரல் போதும் என்கிறது, நேரத்துக்கு மாற்றவும் செய்கிறீர்கள் என்றால் சின்தடிக்குக்குக் கொடுக்கும் அதிகப் பணத்துக்குப் பெரிய பலன் கிடைக்காது.

சாவியைக் கொடுத்துவிட்டு வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்துவிடுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

அப்போது என்னிடம் இருந்தது டர்போ வைத்த டீசல் கார். சின்தடிக் ஆயில் போட்டால் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று மேனுவலில் இருந்தது. ஒரே ஒர்க்‌ஷாப்பில் மூன்று சர்வீஸ். மூன்று பில்லிலும் சின்தடிக் ஆயில், ஆயில் ஃபில்டர் என்று தனித்தனியாகப் போட்டுக் காசு வாங்கினார்கள். ஒருமுறைகூட நான் காரின் பக்கத்தில் நிற்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம்.

மூன்றாவது சர்வீஸுக்குப் பிறகு 14,000 கி.மீ. ஓடியிருக்கும். மேடு ஏறும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அப்புறம் அது ஊளையாக மாறியது. புகை நீலமாக வந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். விரல் நுனியில் இருந்தது ஆயில் இல்லை. செருப்பு பாலிஷ் போல, வழியாமல் அப்படியே நின்றது.

"எத்தனை கி.மீ.க்கு ஒருக்கா மாத்துனீங்க?"

"15,000."

"மினரலையா?"

"சின்தடிக் சார். பில் இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காரைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெளிப்புறம் துரு பிடித்திருந்தது. துணியால் துடைத்தால் தயாரித்த மாதமும் வருடமும் தெரிந்தன. நான் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு முதன்முதலாகப் போனதற்கு முந்தைய மாதம் அது. முதல் சர்வீஸில் அவர்கள் மாட்டியதாகவே வைத்துக்கொண்டாலும், அடுத்த இரண்டு தடவை ஃபில்டருக்குக் காசு வாங்கிவிட்டு அதைத் தொடவே இல்லை.

அதன் பிறகு இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றினார். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள சல்லடை பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் காய்ந்துபோகக் கூடாது என்று அதில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அடைப்பு ஏற்பட்டால் அது திறந்து ஆயிலை வடிகட்டாமலே உள்ளே விடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலும். அது பேரிங்கில் படாமல் ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலத்துக்குள் கரியும் கசடும் போனால் என்ன ஆகும்? புது டர்போ, சேம்பர் வேலை, இன்ஜின் சுத்தம் செய்த கூலி எல்லாம் சேர்த்தால், அந்தக் காரின் ஆயுள் முழுக்க நல்ல ஆயில் வாங்கியிருக்கலாம்.

பில்களையும் ஃபில்டரையும் எடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "டர்போ எல்லாம் ஓட்டுறதப் பொறுத்தது சார். அந்த ஃபில்டரு வேற வண்டியில இருந்துகூட கழட்டியிருக்கலாமே" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்பதை என்னால் இன்றைக்கும் நிரூபிக்க முடியாது. நான் பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. இழந்த பணத்தை விட, நிற்காமல் போனேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊற்றியது மினரல்தான் என்று வைத்துக்கொண்டாலும், மினரல் ஆயில் இன்ஜினைக் கெடுக்கவில்லை. அந்த இன்ஜினுக்கு ஏற்ற மினரல் ஆயில் என்று சொல்லி ஊற்றியிருந்தால் 5,000 கி.மீ.யிலேயே மாற்றியிருப்பேன், இன்ஜின் நன்றாக இருந்திருக்கும். சின்தடிக் என்று நம்பி 15,000 ஓட்டியதுதான் கெடுத்தது. ஆயில் தரும் தவணையை நம்பித்தான் நாம் ஓட்டுகிறோம். அதனால்தான் இந்தப் பொய், விலையில் ஏமாற்றுவதை விட மோசமானது.

எல்லா ஒர்க்‌ஷாப்பும் இப்படி இல்லை. சில இடங்களில் ஏமாற்றும் எண்ணமே இருக்காது. ஒரே பேரலிலிருந்து எல்லா வண்டிக்கும் ஊற்றுவது பழக்கமாகியிருக்கும். பில் போடுகிறவர் ஒருவர், ஊற்றுகிறவர் இன்னொருவர். உங்கள் கார் என்ன கேட்கிறது என்பது ஊற்றும் பையனுக்குத் தெரியவே தெரியாது. நோக்கம் எதுவானாலும் இன்ஜினுக்கு விளைவு ஒன்றுதான்.

இப்போது வெளியே சர்வீஸ் கொடுக்க வேண்டி வந்தால் நான் செய்வது இது. மேனுவலில் உள்ள கிரேடு, தர வகை, அளவு மூன்றையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்வேன். காரில் இருக்கும் பழைய ஃபில்டரின் அடியில், சட்டென்று கண்ணில் படாத இடத்தில், மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கேனின் சீலை என் முன்னால் உடைக்கச் சொல்வேன். காலி கேனையும் பழைய ஃபில்டரையும் வாங்கிக்கொண்டு வருவேன். நல்ல பிராண்டின் காலி கேனில் வேறு ஆயிலை நிரப்பி விற்பவர்களும் உண்டு, அதனால் கேனை விட்டுவிட்டு வருவதில்லை. கிளம்பும் முன் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை நானே எடுத்துப் பார்ப்பேன். பாதுகாப்பு விதிப்படி உள்ளே நிற்க முடியாது என்றால் சரி, கோடு போட்ட ஃபில்டர் வெளியே வரட்டும்.

இதையெல்லாம் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபப்படுவதில்லை. அந்த வயதானவரிடம் கேட்டபோது, "இப்படி வந்து நில்லுங்க, நல்லாத் தெரியும்" என்று வெளிச்சத்தை எனக்குத் தோதாகத் திருப்பி வைத்தார்.

கெட்டியான ஆயில் போட்டால் இன்ஜின் நீடிக்கும் என்று நம்புவது

5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றி, சத்தம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் குறையலாம். ஆனால் காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், அந்த நேரத்தில் தேய்மானம் கூடும். இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான். அதற்கு ஆயில் போகும் துளைகள் மிகக் குறுகலானவை. மேனுவல் அனுமதிக்கும் கிரேடுகளுக்குள் இருங்கள்.

பழைய ரப்பர் வளையத்தைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டுவது

நீங்களே ஆயில் மாற்ற ஆரம்பித்தால் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பழைய ஃபில்டரைத் திருகி எடுக்கும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுப்பு மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு ரப்பர். முதலில் ஒழுகாது. அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி வெளியே வரும், சில நிமிடங்களில் ஆயில் மொத்தமும் ரோட்டில். கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, ரப்பர் அதிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இன்ஜின் பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். புது ரப்பரில் கொஞ்சம் ஆயில் பூசுங்கள். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, குனிந்து பாருங்கள்.

டிரெய்ன் போல்ட்டை முழு பலத்தோடு முறுக்குவது

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட் இது, சேம்பரின் அடியில் இருக்கும். பல கார்களில் சேம்பர் அலுமினியம். மரை போனால் போனதுதான். மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கும் விசை) அளவு, புது வாஷர், அதற்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம்.

அளவுக்கு மேல் ஊற்றுவது

டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை உயவு தராது. வடித்துவிடுங்கள்.

கறுத்த ஆயிலைப் பார்த்துப் பதறுவது

டீசலில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுக்கும். கரியைப் பிடித்து வைத்திருப்பது ஆயிலின் வேலை.

சின்தடிக்கும் மினரலும் சேராது என்ற பயம்

சேரும். அவசரத்துக்கு அதே கிரேடில் எது கிடைத்தாலும் ஊற்றலாம், அடுத்த மாற்றத்தைச் சீக்கிரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஃப்ளஷ்

ஆயில் மாற்றும் முன் கசடைக் கரைக்க இன்ஜினில் ஊற்றும் ரசாயனம் இது. மேனுவல் கேட்கவில்லை என்றால் வேண்டாம்.

கி.மீ. மட்டும் பார்ப்பது

தினமும் 3 கி.மீ. ஓட்டி நிறுத்தும் காரில் இன்ஜின் முழுச் சூடு அடைவதே இல்லை. எரியாத எரிபொருளும் ஈரமும் ஆயிலில் சேர்ந்துகொண்டே போகும், ஆவியாக வழியில்லை. வருடத்தில் 4,000 கி.மீ.தான் ஓடியது என்று இரண்டு வருடம் அதே ஆயிலோடு விடுவது தவறு. மேனுவலில் தூரத்தோடு மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள். எது முன்னால் வருகிறதோ அது. கடினமான பயன்பாட்டுக்கு என்று இன்னொரு அட்டவணையும் இருக்கும். குறுகிய ஓட்டம், நெரிசல், தூசி எல்லாம் அதில்தான் சேரும்.

அந்தத் தம்பியின் காரில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். மேல் கோட்டில் சரியாக நின்றது. அப்படியென்றால் 3.6 லிட்டர் உள்ளே இருக்கிறது, மீதி 0.9 லிட்டர் எங்கே? ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டான். 3.5 லிட்டர் கேன் ஒன்றும் ஒரு லிட்டர் கேன் ஒன்றும் பிரித்ததாகவும், மீதி அங்கேயே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நியாயமான பதில்தான், முழு கேனுக்குத்தான் பில் போடுவார்கள். நாளைக்குப் போகிறான். இரண்டு கேனையும் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் உள்ள கிரேடும் தர வகையும் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பழைய ஃபில்டர் இன்னும் குப்பைக்குப் போகாமல் இருந்தால் அதையும்.