கற்பனை உலகில் ஜிம்னாஸ்டிக்ஸ்: இளையோர் நாவல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு நிலா, ஏழு குலம், மிதக்கும் கோட்டை என்று உலகத்தைப் பிரமாதமாகக் கட்டிவிடுவார்கள். ஆனால் நாயகி ஏறி நிற்கும் பீம், அதாவது சமநிலைக் கட்டை, மட்டும் 10 செ.மீ. அகலம், 5 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் உயரம் என்று அப்படியே இருக்கும். அது நம் உலகத்துச் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு வைத்த அளவு. அந்தக் கூட்டமைப்பே இல்லாத ஊருக்கு அது எப்படி வந்தது? இந்த வகைக் கதைகளில் பாதிப் பிழைகள், உலகத்தை மாற்றியவர் விளையாட்டை மாற்றாமல் விடுவதால் வருகின்றன. மீதிப் பாதி, விளையாட்டை மாற்றும் உற்சாகத்தில் உடம்பை மறந்துவிடுவதால் வருகின்றன.

முதலில் சாதனங்கள். எந்தச் சாதனமும் சும்மா முளைத்ததில்லை. பாமல் ஹார்ஸ் என்பது, அதாவது மேலே இரண்டு கைப்பிடி வைத்த அந்தச் சாதனம், குதிரையேறப் பழகுவதற்காக வைத்திருந்த மரக்குதிரையின் வாரிசு. 1811இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடு திடலில் ஆசிரியர் ஃபிரீட்ரிக் லூட்விக் யான் இளைஞர்களைக் கம்பிகளில் பழக்கியது பதக்கத்துக்காக அல்ல. நெப்போலியனிடம் தோற்றுப்போன பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசுக்குத் திடமான உடல்கள் வேண்டியிருந்தன. பிறகு அதே பிரஷ்ய அரசு, அங்கே கூடும் இளைஞர்களின் அரசியலைப் பார்த்து மிரண்டு 1820இல் தடை போட்டது. தடை விலக 1842 ஆனது. மல்லர் கம்பமும் அப்படித்தான்: மல்யுத்தக்காரர்கள் பிடி பழகிய மரத்தூண்தான் பின்னால் தனி விளையாட்டானது, விளக்கெண்ணெய் தடவுவது உட்பட.

ஆகவே உங்கள் உலகத்தில் யார், எதற்காக இப்படித் தாவ ஆரம்பித்தார்கள் என்று கேளுங்கள். பாய்மரம் ஏறுகிறவர்களா? மலைத்தேன் எடுக்கிறவர்களா? இப்போது யார் காசு கொடுக்கிறார்கள்: அரண்மனையா, படையா, கோயிலா? இதற்குப் பதில் கிடைத்தால் சாதனம், உடை, போட்டி விதி, வில்லன் எல்லாம் தானாக வந்துவிடும்.

அடுத்தது இயற்பியல். கையெழுத்துப் பிரதிகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி: "காற்றில் இருந்தபடியே அவள் இன்னும் உந்தி மேலே எழும்பினாள்." முடியாது. கால் தரையை விட்டதும் எவ்வளவு உயரம் போவாள் என்பது முடிவாகிவிட்டது. சுழல்வதற்கான மொத்த உந்தமும் முடிவாகிவிட்டது. அவளால் செய்யக்கூடியது, உடம்பைச் சுருட்டி வேகமாகச் சுழல்வதும், விரித்து மெதுவாக்குவதும்தான். மந்திரம் இருக்கிறது என்றால் சரி, ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது முதல் சில அத்தியாயங்களிலேயே தெரிய வேண்டும்.

ஈர்ப்பைப் பாதியாக்கலாம் என்று ஆசை வரும். தாராளமாகச் செய்யலாம், கணக்கோடு. அதே வேகத்தில் எம்பினால் காற்றில் இருக்கும் நேரமும் உயரமும் இரட்டிப்பாகும், ஆனால் திரும்பத் தரையைத் தொடும் வேகம் எம்பிய வேகமேதான். முழங்காலுக்குச் சலுகை கிடையாது. தரையில் காலின் பிடியும் குறையும் என்பதால் வால்ட்டுக்கு (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் பிரிவு) ஓடி வேகம் எடுப்பது பெரும்பாடு. அந்த உலகத்தின் வீராங்கனை நம் ஊர் வீராங்கனை போலவே ஓடக் கூடாது.

மெத்தையைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. இன்று நாம் பார்க்கும் கடினமான பல்டிகள் ஸ்பிரிங் தரையும் ஃபோம் குழியும் இருப்பதால்தான் கைகூடுகின்றன. விழுந்து பழக இடமில்லாத உலகத்தில் ஒரு பெண் இரட்டைப் பல்டியை எப்படிக் கற்றாள்? வைக்கோல்போரா, ஆற்று மணலா, குளமா? விழுவதற்கு நல்ல இடம் பணக்கார வீட்டில் மட்டும் இருக்கிறது என்று வைத்துப் பாருங்கள், சமூக ஏற்றத்தாழ்வைப் பற்றித் தனியாகப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை.

இளையோர் கதை என்பதால் வளரும் உடம்பை விடவே கூடாது. பதின்வயதில் உயரமும் எடையும் கூடும்போது அதே பல்டிக்கு அதிக வலு வேண்டும். நேற்று வரை சரியாக இருந்த கணம் இன்று தப்பும், கம்பியில் சுற்றும்போது கால் எதிலாவது இடிக்கும். பல கதைகளில் நாயகி மூன்று பாகம் முழுக்க ஒரே உயரத்தில் இருக்கிறாள். பதினாறோடு எல்லாம் முடிந்தது என்ற பதற்றமும் தேவையில்லாதது. ருமேனியாவின் நாடியா கோமனேச்சி 1976 ஒலிம்பிக்கில் 14 வயதில் பத்துக்குப் பத்து வாங்கினார் என்பது உண்மை. ஒக்ஸானா சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வால்ட் செய்தார் என்பதும் உண்மை.

பயத்தைக் கோழைத்தனமாகக் காட்டி, தோழியின் ஒரு உரையால் குணப்படுத்துவது இன்னொரு தவறு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு நேர்ந்தது தைரியக் குறைவல்ல, காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே தப்பிப்போனது. அவர் விலகினார். பிறகு பீமுக்கு மட்டும் திரும்பி, காற்றில் உடம்பைத் திருகாத இறக்கத்தோடு முடித்து வெண்கலம் வாங்கினார். அந்த மாதிரித் திரும்புதல் கதைக்கு நல்லது.

எனக்கு அதிகக் கோபம் வருவது 'கொடுமைக்கார ஆனால் நல்லவரான' பயிற்சியாளரைப் பார்க்கும்போது. உடைந்த காலோடு குதிக்க வைக்கிறார், அவள் ஜெயிக்கிறாள், கடைசியில் அவர் கண்ணில் நீர். சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1978இன் உலகச் சாம்பியன். கால் முறிவு முழுதாக ஆறுமுன் பயிற்சிக்குத் திரும்ப வைக்கப்பட்டார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்பு, மின்ஸ்கில் தாமஸ் சால்ட்டோ என்ற ஆபத்தான பல்டியைப் பழகும்போது கழுத்து முறிந்தது. அப்போது வயது 20. அதன்பின் அவர் எழுந்து நடக்கவில்லை. 1996 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் கெர்ரி ஸ்ட்ரக் காயப்பட்ட கணுக்காலோடு இரண்டாவது வால்ட் செய்ததை உலகமே கைதட்டிப் பார்த்தது. அந்த வால்ட் இல்லாமலேயே அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும். கொடுமையை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. 13 வயது வாசகர் அதை அன்பு என்று நம்பும்படி எழுதக் கூடாது.

மதிப்பெண் விஷயத்தில் 'பத்துக்குப் பத்து' பழகிப்போன சோம்பேறித்தனம். நம் உலகத்திலேயே 2006 முதல் கடினத்துக்குத் தனி, பிழையில்லாமல் செய்வதற்குத் தனி என்று புள்ளி கொடுத்துக் கூட்டுகிறார்கள். கீழே விழுந்தால் ஒரு முழுப் புள்ளி போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கதை இருக்கிறது. திரிபுராவின் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிச் சுற்றில் ப்ரொடுனோவாவைத் தேர்ந்தார். மிகக் கடினமான வால்ட், ஆபத்தும் அதிகம். 0.15 புள்ளியில் வெண்கலம் தவறி நான்காம் இடம். எதைச் செய்வது என்று உங்கள் நாயகி முடிவெடுக்கும் முந்தைய இரவு, இறுதிப் போட்டியைவிட விறுவிறுப்பாக இருக்கலாம். அதற்கு வாசகருக்கு விதிகள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூன்று விதி போதும், முப்பது வேண்டாம். போட்டிக் காட்சியிலும் அசைவுகளை நேர்முக வர்ணனை மாதிரி வரிசையாக அடுக்காதீர்கள். உள்ளங்கைத் தோல் கிழிவதும் அடுத்த தாவலுக்கு முன் மூச்சை நிறுத்துவதும் ஒரு பத்தியில் அடங்கும்.

கடைசியாகப் பெயர்கள். வேற்றுலகத்தில் ஒருத்தி 'யுர்சென்கோ' வால்ட் செய்தாள் என்று எழுதினால், சோவியத் வீராங்கனை நடாலியா யுர்சென்கோ அங்கே எப்போது போனார் என்று கேட்கத் தோன்றும். நம் உலகத்தில் பெரிய போட்டியில் ஒன்றை முதலில் செய்து காட்டியவரின் பெயர் அதற்கு வைக்கப்படுகிறது. உங்கள் உலகத்தில் யார் பெயர் வைப்பார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரு பணிப்பெண் முதலில் செய்த பல்டி இளவரசியின் பெயரில் வழங்கினால், இரண்டாம் பாகத்துக்கு வேறு சண்டை தேட வேண்டாம்.