வாகன விலையைப் பிரித்துக் கேளுங்கள்: திருகோணமலையிலிருந்து புதிய வாகனம் வாங்குவோருக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீளத் திறக்கப்பட்டபோது, ஐந்து ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களின் அவசரத்தை விற்பனையாளர்கள் நன்றாகவே கண்டுகொண்டார்கள். கொழும்பில் ஒரு விலையைக் கேட்டுவிட்டுத் திருகோணமலையில் விசாரித்தால், அதே ஆண்டில் வந்த அதே மாதிரி வாகனத்துக்கு வேறொரு விலை சொல்லப்படுவதும், காரணம் கேட்டால் "வரி கூடிவிட்டது, டொலர் ஏறிவிட்டது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதும் நமக்குப் பழகிப்போனவை. வரி உண்மையாகவே அதிகம்தான். ஆனால் அதில் வரி எவ்வளவு, வணிகரின் இலாபம் எவ்வளவு என்று தெரியாதவரை பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இல்லை.

ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். கப்பற்கட்டணமும் காப்புறுதியும் சேர்த்துச் சுங்கம் ஏற்கும் பெறுமதியின் மேல் 20 வீதச் சுங்கத் தீர்வையும், அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேல்வரியும் 2025இல் விதிக்கப்பட்டன. அதாவது பெறுமதி 40 இலட்சம் ரூபா என்றால் இவை இரண்டும் மட்டுமே 12 இலட்சம். அடுத்து வருவது உற்பத்தி வரி. பெற்றோல், டீசல் வாகனங்களுக்கு அது இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தும், மின்சார வாகனங்களுக்கு மோட்டாரின் வலுவைப் பொறுத்தும் கணக்கிடப்படுகிறது. விலை கூடிய வாகனங்களுக்குச் சொகுசு வரியும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே 18 வீத வற் வரி. வீதங்கள் வர்த்தமானி மூலம் மாறக்கூடியவை என்பதால் வாங்கும் மாதத்தில் நடைமுறையில் உள்ளவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வகையையும் ஒரே ஆண்டையும் சேர்ந்த, ஒரே கொள்ளளவுள்ள இரண்டு வாகனங்களுக்கு உற்பத்தி வரி ஒன்றுதான். ஆகவே அவற்றின் விலை பல இலட்சங்களால் வேறுபடும்போது அதற்கு வரியைக் காரணம் காட்டுவது எடுபடாது.

பேரத்தில் உதவும் இன்னொரு விதி பலருடைய கண்ணில் படுவதில்லை. 2025 விதிகளின்படி, இறக்குமதியான வாகனம் 90 நாட்களுக்குள் பதியப்படாவிட்டால் மாதத்துக்கு 3 வீதத் தாமதக் கட்டணம் சேரத் தொடங்கும். எனவே சுங்க ஆவணத்தில் உள்ள திகதியைக் காட்டும்படி கேளுங்கள். எண்பதாவது நாளில் நிற்கும் வாகனத்தின் விலை, நேற்று இறங்கிய வாகனத்தின் விலையைவிட இலகுவாக இறங்கும். தாமதக் கட்டணம் வந்தால் அது விற்பவரையே சேரும் என்று விற்பனை உடன்படிக்கையில் எழுதுவித்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

இடைத்தரகரை முற்றாகத் தவிர்க்க விரும்புவோர் தாமே இறக்குமதி செய்யலாம். தனிநபர் ஒருவர் 12 மாதங்களில் ஒரு வாகனத்தைக் கொண்டுவர அனுமதி உண்டு. கார் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையதாக இருக்கக்கூடாது. ஜப்பானிய ஏலத்தில் எடுத்துத் தரும் ஏற்றுமதி முகவரைத் தெரிவுசெய்து, வங்கியில் எல்.சி. எனப்படும் கடன் கடிதம் (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்பவருக்குப் பணம் தர வங்கி ஏற்கும் பொறுப்பு) திறந்து, பயன்படுத்திய வாகனமாயின் கப்பலேறும் முன் பரிசோதனைச் சான்றிதழும் பெற்றாக வேண்டும். எல்.சி. இல்லாமல் நேரடியாகப் பணம் அனுப்பச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். உலகம் மெச்சும் இயற்கைத் துறைமுகம் நம் வாசலில் கிடந்தாலும் கார்க் கப்பல்கள் பெரும்பாலும் அம்பாந்தோட்டைக்குத்தான் போகின்றன; ஆகவே சுங்க விடுவிப்பு முகவரின் கூலியையும், வாகனத்தை ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் கணக்கில் சேருங்கள். எல்லாம் கூட்டியபின் ஷோரூம் விலைக்கும் இதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் சிறியதாக இருந்தால், இந்த அலைச்சல் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

ஜப்பானிய ஏலத்தில் வாகனத்தைப் பரிசோதித்து அதன் நிலையைக் குறித்துத் தரும் ஏலத்தாளை மட்டும் யாரையும் நம்பி விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள வாகனப் படத்தில் சிறு எழுத்துகள் குறிக்கப்பட்டிருக்கும்: "ஏ" என்றால் கீறல், "யூ" என்றால் நெளிவு, "டபிள்யூ" என்றால் திருத்திய அடையாளம், இரட்டை "எக்ஸ்" என்றால் மாற்றிய பாகம். தர மதிப்பில் "ஆர்" என்று இருந்தால் அது விபத்துக்குப்பின் பழுதுபார்க்கப்பட்ட வாகனம். உப்புக்காற்றில் ஓடப்போகும் வாகனத்துக்கு இவற்றைவிட முக்கியமானவை "எஸ்", "சி" என்ற இரண்டு எழுத்துகள். முன்னையது துருவையும் பின்னையது அரிப்பையும் குறிக்கும். பனி உருக்க வீதியில் உப்புத் தூவும் வட ஜப்பானில் ஓடிய வாகனங்களின் அடிப்பகுதியில் இவை அதிகம் தென்படும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலோரமாக நிறுத்தும் வாகனத்துக்கு அந்தத் துரு மேலும் பரவும். ஷோரூமில் வாங்கினாலும் இதே தாளைக் கேளுங்கள். மூலத்தாள் தொலைந்துவிட்டது என்றால் அதற்கேற்பவே விலையைப் பேசுங்கள்.

அங்கீகாரம் பெற்ற முகவரிடம் முன்பதிவு செய்து காத்திருப்பது மெதுவான வழி. ஆனால் உத்தரவாதம் கிடைக்கும். சேவை நிலையம் திருகோணமலையிலேயே உண்டா, இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தம்புள்ளைக்கோ கண்டிக்கோ போக வேண்டுமா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

விலையைக் குறைத்துவிட்டு லீசிங்கில் அதை மீட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 30 இலட்சத்தை ஐந்து ஆண்டுகளுக்கு "10 வீத நிலையான வட்டி" என்று கொடுத்தால், ஐந்து ஆண்டும் முழுத்தொகையின் மேலேயே கணக்கிடப்படுவதால் வட்டி 15 இலட்சம், மாதத் தவணை 75,000 ரூபா. ஆனால் குறைந்துவரும் மீதியின் மேல் கணக்கிட்டால் அந்த வட்டி ஆண்டுக்கு 17 வீதத்தைத் தாண்டும். எனவே வாகனத்தின் விலையைப் பேசி முடித்த பின்னரே கடனைப் பற்றிப் பேசுங்கள்; விற்பவர் காட்டும் நிறுவனத்தோடு நிற்காமல் வேறு இரண்டு இடங்களிலாவது எழுத்தில் தவணைக் கணக்கு வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் நாளில் பற்றுச்சீட்டில் செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், முழுத்தொகை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பதிவுக்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தேவை என்பதால், அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.