கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து ஸ்பெயின் போகிறவர்களுக்கு

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்துப் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் வெறும் இனிஷியலாக நிற்கும். ஸ்பெயின்காரர்களுக்கோ ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. அதனால் அங்கே ரயில் டிக்கெட் எடுக்கும்போதுகூட ‘அப்பெயிதோ’, அதாவது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. இதை விசாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு விமான டிக்கெட், இன்சூரன்ஸ், ஓட்டல் எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2 பக்கங்கள் காலியாக வேண்டும்.

விசா

வேண்டியது ஷெங்கன் குறுகியகால விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இல்லை. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பயண நாள் 15 நாளுக்குள் வந்துவிட்டால் முடியாது. முடிவு சொல்ல 15 நாள் என்பது வழக்கம், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். மாங்காய் சீசன் முடிந்து செப்டம்பர் கடைசியில் கிளம்ப நினைப்பவர்கள் ஜூலைத் தொடக்கத்திலேயே காகிதங்களைக் கொடுத்துவிட வேண்டும். செப்டம்பர் கடைசியில் போவதே நல்லதும்கூட. ஜூலை, ஆகஸ்டில் தெற்கு ஸ்பெயினின் செவில்லாவும் கோர்தோபாவும் 40 டிகிரியைத் தாண்டும். நம் ஊர் சித்திரை வெயில் பழகியவர்களுக்கும் அது வாட்டும்.

பிரான்சும் சேர்த்துப் போகிறீர்களா? எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். நாள் சமமானால், முதலில் கால் வைக்கும் நாடு. பெங்களூரு பக்கம் என்பதற்காக மட்டும் அங்கே அப்பாயிண்ட்மென்ட் போட்டுவிடாதீர்கள். உங்கள் முகவரிக்கு எந்த மையம் என்று விண்ணப்ப மையத்தின் இணையதளத்தில் பார்த்த பிறகு போடுங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்கள் சறுக்கும் இடம் வருமானச் சான்று. சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும் இருப்பதால் சிக்கல் குறைவு. தோட்டம், மண்டி வைத்திருப்பவரின் வங்கிக் கணக்கு மே, ஜூன், ஜூலையில் வீங்கி, மற்ற மாதங்களில் வற்றிக் கிடக்கும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் ஐடி ரிட்டர்னிலும் தொகை சின்னதாகத் தெரியும். இதைப் பார்க்கும் அதிகாரிக்கு நம் சீசன் தெரியாது, அவருக்குத் தெரிவது திடீரென்று வந்த பணம் மட்டும்தான். அதனால் ஒரு வருட ஸ்டேட்மென்ட் வையுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், மண்டி அல்லது மாம்பழக் கூழ் தொழிற்சாலை தந்த விற்பனை ரசீதுகள், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதுவும். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ‘எனக்கு வருமானம் வருவது இந்த மாதங்களில், காரணம் இது’ என்று அரைப் பக்கக் கடிதம் ஒன்றும் சேருங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் உறவினரிடம் வாங்கி லட்சக்கணக்கில் போட்டுக் காட்டுவதைச் செய்யவே கூடாது. நிராகரிப்புக்கு அதுவே காரணமாகலாம்.

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும். ஒரு நாள் குறைந்தாலும் எடுபடாது.

பெட்டியில் எது, எது கூடாது

மாம்பழம் கொண்டுபோகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாவரநலச் சான்று இல்லாமல் பயணி எடுத்துச் செல்லக்கூடிய பழங்கள் ஐந்துதான்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதே கதி. பால் பொருளும் இறைச்சியும் தடை, ஆகவே நெய், பால்கோவா, நெய்யில் செய்த மைசூர்பாகு வீட்டிலேயே இருக்கட்டும். மாங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்துப் பொடித்த கறிவேப்பிலைப் பொடி எல்லாம் போகும். எண்ணெய் உள்ளதைச் செக்-இன் பெட்டியில் இரட்டைக் கவரில் கட்டுங்கள்.

நம் செல்போன் சார்ஜரின் இரண்டு முனைப் பிளக் அங்கே அப்படியே பொருந்தும். மூன்று முனைப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் 230 வோல்ட், நம்முடையதுதான்.

டெபிட், கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். ஓடிபி வரும் சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு இருந்தும் பயனில்லை. கடையில் மெஷின் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். விலைப் பலகையில் புள்ளியும் கமாவும் இடம் மாறியிருக்கும்: 1.200 என்றால் ஆயிரத்து இருநூறு, 3,50 என்றால் மூன்றரை.

சொல்

சொற்களை ஆங்கில எழுத்தில் குறித்து வைக்காதீர்கள், தமிழில் எழுதி வையுங்கள். ஸ்பானிஷ் உயிரொலிகள் ஐந்தும் நம் அ, எ, இ, ஒ, உ. அவர்களுடைய ‘எஸ்பாஞா’வில் வருவது நம் ஞ. சொல்லின் நடுவில் வரும் மெல்லிய ‘த’ அப்படியே ‘அது’ என்பதில் வருகிற ஒலி. ‘பெரோ’ என்றால் ஆனால். அதையே ற போட்டு நாக்கை உருட்டி ‘பெறோ’ என்றால் நாய். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள், நமக்கு வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம்: ‘நோ கோமோ கார்னே, நீ பெஸ்காதோ, நீ ஹமோன்.’ இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றும் சாப்பிடுவதில்லை என்று பொருள். மூன்றையும் தனித்தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ‘கார்னே’ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹமோன் துண்டுகள் தூவிய காய்கறி வரக்கூடும், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுண்டு. கலவை சாலட்டில் சூரை மீன் இருக்கும். ‘சின் அத்தூன்’ என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். பருப்புக் குழம்பு போலத் தெரியும் லெந்தேஹாஸில் பெரும்பாலும் பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். நம்பிக் கேட்கலாம் என்றால் பான் கோன் தொமாத்தே (தக்காளி தேய்த்த ரொட்டி), காஸ்பாச்சோ (குளிர்ந்த தக்காளி சூப்), வறுத்த பத்ரோன் மிளகாய். தொர்த்தியா என்பது அங்கே உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை.

மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவு 9 மணி. நம் ஊர் வழக்கப்படி 12:30க்கும் 7:30க்கும் போய் நின்றால் சமையலறை மூடியிருக்கும். ‘மெனு தெல் தியா’ என்ற மதியச் சாப்பாடு வாங்குவதுதான் சிக்கனம்.

ரயில், கூட்டம்

மத்ரித் - பார்சிலோனா 621 கிலோமீட்டர், ஏவே என்ற அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட் விலை நாள் நெருங்க ஏறும். மத்ரித்தில் அதோச்சா, சமார்த்தின் என இரண்டு பெரிய நிலையங்கள், எது என்று டிக்கெட்டில் பாருங்கள். ஏறுமுன் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள், ஓடும் ரயிலில் தாவி ஏறும் கதையெல்லாம் நடக்காது. அரை மணி முன்னால் போங்கள். கிரானடாவின் அல்ஹம்பிரா கோட்டையில் உள்ள நஸ்ரித் அரண்மனைக்கு டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குத்தான் நுழைய முடியும். பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும்.

பார்சிலோனாவின் ரம்ப்ளா தெருவிலும் மெட்ரோவிலும் பர்ஸ் அடிப்பவர்கள் அதிகம். ஒருவர் சட்டையில் கறை என்று காட்டுவார், இன்னொருவர் பையைத் திறப்பார். போனை உணவு மேசைமேல் வைக்காதீர்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் அன்றே தேசியக் காவல் நிலையத்தில் ‘தெனுன்சியா’, அதாவது புகார் எழுதி அதன் தாளை வாங்குங்கள். அந்தத் தாள், பாஸ்போர்ட் நகல், இரண்டு புகைப்படம் மூன்றோடும்தான் மத்ரித் இந்தியத் தூதரகத்தில் அடுத்த வேலை தொடங்கும். ஆகவே நகலும் புகைப்படமும் பாஸ்போர்ட் இருக்கும் பையில் வேண்டாம், வேறு பெட்டியில் வையுங்கள். அவசரத்துக்கு எண் 112.