பிளஸ் ஒன் குரூப் எடுக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துட்டு போங்க

டென்த் ரிசல்ட் வந்தாச்சு, இப்ப சென்னைல எந்த வீட்டுக்கு போனாலும் எந்த குரூப்புங்கிற பேச்சுதான். ஸ்கூல்ல ஃபார்ம குடுத்த உடனே அவசரமா டிக் பண்ணிடாதீங்க ப்ளீஸ், பின்னாடி மாத்துறது ரொம்ப கஷ்டம்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட் ஆஃப் 200க்கு, அதுல மேத்ஸ் மட்டுமே 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, அதனால மேத்ஸ் இல்லாம தாவரவியல், விலங்கியல்னு பியூர் சயின்ஸ் எடுத்துட்டு அப்புறம் இன்ஜினியரிங் போலாம்னு நெனச்சா கதவு மூடிடும். நீட்டா இன்ஜினியரிங்கான்னு புள்ளைக்கே இன்னும் தெரியலன்னா மேத்ஸும் பயாலஜியும் சேர்ந்து வர்ற பயோ மேத்ஸ் எடுங்க, ரெண்டுக்கும் வழி இருக்கும், ஆனா சுமை ஜாஸ்தி, அதையும் உக்காந்து பேசிட்டு எடுங்க. சிஏ படிக்க எந்த குரூப்பும் ஓகே, இருந்தாலும் காமர்ஸ் எடுத்தவங்களுக்கு அக்கவுன்டன்சி பழகிருக்கும்.

இன்னொன்னு, ஸ்டேட் போர்டு பிளஸ் டூல பாஸ் மார்க் 35தான், ஆனா பிராக்டிகல் இருக்கிற பாடத்துல எழுத்துத் தேர்வு 70க்கு 15 ஆவது எடுத்தே ஆகணும், பிராக்டிகல் மார்க்க நம்பி விட்டுடாதீங்க.

பக்கத்து வீட்டு பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தான்னு நீங்களும் எடுக்காதீங்க, புள்ளைகிட்ட கேளுங்க.