மலையூர்க் கட்டட வேலையில் தூசியும் புகையும்

உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற ஊர்களில் குளிருக்கும் சாரலுக்கும் அஞ்சி ஜன்னல்களை அடைத்துவிட்டு வேலை செய்வதால், கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் ஆகியவற்றை அறுக்கும்போது எழும் சிலிக்கா (கல்லிலும் மணலிலும் உள்ள கனிமம்) தூசி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதில் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்தவும் வழியில்லை.

ஆகவே அறுக்கும் வேலையை வெளியே, பக்கங்கள் திறந்த தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் அறுப்பதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்தை, மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக இணைத்து, பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் இடைவிடாமல் விழச் செய்ய வேண்டும். வெண்தூசி பறக்காமல் சாம்பல் நிறக் குழம்பு வழிந்தால் தண்ணீர் போதுகிறது என்று பொருள். அக்குழம்பைக் காய்வதற்குள் வழித்தெடுத்துவிடுங்கள். காய்ந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

முகத்தில் சுற்றும் துண்டு மனத்துக்குத்தான் ஆறுதல். என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம் வேண்டும். அதுவும் தாடி இருந்தால் முகத்தோடு சரியாகப் படியாது.

பூச்சு சீக்கிரம் காயட்டும் என்றோ, குளிர்காயவோ, அடைத்த அறையில் கரி அடுப்பு மூட்டுவதும், மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை உள்ளே ஓட்டுவதும் இன்னும் ஆபத்தானவை. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது, மேற்சொன்ன முகக்கவசங்களும் அதைத் தடுக்கா.